கீறிட்ட இடத்துக்குரிய சொல்: மட்டக்களப்பில் ஆங்கிலச் சொற்கல்வியின் வரலாறு

அறியாத ஓர் ஆங்கிலச் சொல்லின் பொருளை அதன் முன்னும் பின்னும் நிற்கும் சொற்களைக்கொண்டு உய்த்துணர்வதும், தரப்பட்ட சில அரிய சொற்களுள் கீறிட்ட இடத்துக்குப் பொருந்துவதைத் தெரிந்தெடுப்பதும் இன்று இலங்கை மாணவர்களுக்குப் பழகிய பயிற்சி. க.பொ.த. சாதாரண தர ஆங்கில வினாத்தாளிலும் உயர்தரத்தின் பொது ஆங்கில வினாத்தாளிலும் இதற்கு இடம் உண்டு. மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே, காத்தான்குடிக்குத் தெற்கே அமைந்த ஆரையம்பதியிலும் அதன் அயலூர்களிலும் இந்தப் பயிற்சி வந்துசேர நெடுங்காலம் சென்றது. நிகண்டு மனனத்திலிருந்து மிஷன் பள்ளிகளின் சொற்பட்டியலுக்கும், அங்கிருந்து அளவிட்ட சொற்களால் ஆன வாசிப்பு நூல்களுக்கும், பின்னர் கீறிட்ட இடத்துக்கும் சொற்கல்வி நகர்ந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் மாணவரின் கைக்கு எவ்வளவு ஆங்கில வாசிப்பு எட்டியது என்பதே அவருடைய சொல்வளத்தைத் தீர்மானித்தது. கூர்மையான புத்தியுள்ள பிள்ளைக்கும் ஊகிப்பதற்கு நாலு பக்கம் கையில் இருக்க வேண்டும்.

ஆங்கிலம் வருவதற்கு முன்னர் திண்ணைப் பள்ளிகளில் சொல் கற்ற முறை மனனம். மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு பன்னிரண்டு தொகுதிகளாக அமைந்தது. தேவப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் என்று இனம் இனமாகச் சொற்களை அடுக்கி, பதினோராம் தொகுதியில் ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களை அது திரட்டித் தருகிறது. செய்யுள் வடிவில் இருந்ததால் பிள்ளைகள் ஓசையோடு பாடி மனத்தில் இருத்தினர். புராணமும் அந்தாதியும் வாசிக்கும்போது அந்தச் சொற்கள் மீண்டும் எதிர்ப்பட்டன. மனனம் களஞ்சியத்தை நிரப்பியது, பாட்டும் உரையும் அதிலிருந்து எடுத்து வழங்கக் கற்பித்தன. இவ்விரண்டும் சேர்ந்தே நடந்தன என்பதைப் பழைய கல்வியை வெறும் மனப்பாடம் என்று ஒதுக்குவோர் கவனிப்பதில்லை.

சூழலைக்கொண்டு பொருள் துணியும் முறையைத் தமிழ் இலக்கணம் மிகப் பழைய காலத்திலேயே வகுத்திருந்தது. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம், பல பொருள் தரும் ஒரு சொல் ஓரிடத்தில் எந்தப் பொருளில் நிற்கிறது என்பதை அறிய மூன்று வழிகளைக் கூறுகிறது. அந்தச் சொல் கொண்டு முடியும் வினை ஒன்று, அதனோடு சேர்ந்து வரும் இனச்சொல் மற்றொன்று, சொல்லப்படும் நிலைமையாகிய சார்பு மூன்றாவது. உரையாசிரியர்கள் ‘மா’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டு இதை விளக்குவர். பூத்தது என்ற வினை வந்தால் மா மரமாகிறது. மருதமரத்தோடு சேர்த்துச் சொல்லும்போதும் அது மரமே. கவசம் அணிந்து போருக்கு நிற்பவன் கொண்டுவரச் சொல்லும் மா குதிரை. இருபதாம் நூற்றாண்டின் ஆங்கிலக் கல்வி நூல்கள் சூழல் குறிப்புகள் என்று வகைப்படுத்தியவற்றில் பெரும்பகுதி இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். நன்னூலின் பகுபத உறுப்பிலக்கணமும் இதற்குத் துணை செய்வது. பகுதி, விகுதி, இடைநிலை என்று சொல்லைப் பிரித்துப் பொருள் காணும் பழக்கம், ஆங்கிலச் சொல்லை முன்னொட்டும் பின்னொட்டுமாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கத்துக்கு அண்மையானது.

மட்டக்களப்பில் ஆங்கிலப் பள்ளிக்கல்வி 1814 இல் தொடங்குகிறது. தோமஸ் கோக் தலைமையில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட வெஸ்லியன் மிஷனரிமாரில் ஒருவரான வில்லியம் ஓல்ட் அந்த ஆண்டு மட்டக்களப்புக்கு வந்தார். கோக் கடற்பயணத்திலேயே இறந்துவிட்டார். ஓல்டும் 1815 இல் மட்டக்களப்பிலேயே காலமானார். ஓராண்டுகூட நிறையாத அந்தப் பணிக்காலத்தில் அவர் தொடங்கிய பள்ளியே மெதடிஸ்த மத்திய கல்லூரியாக வளர்ந்தது. தீவின் மிகப் பழைய ஆங்கிலப் பாடசாலைகளுள் அது ஒன்று. பெண்களுக்கான வின்சென்ற் மகளிர் பாடசாலை 1820 ஐத் தன் தொடக்கமாகக் கொள்கிறது. கத்தோலிக்கரின் புனித மிக்கேல் கல்லூரி 1873 இல் எழுந்தது. இவை நகரின் நடுவான புளியந்தீவிலும் அதன் அயலிலும் அமைந்தன. வாவியின் கீழைக்கரை ஊர்களிலிருந்து நகருக்கு வருவோர் கல்லடியில் தோணியேறியே வாவியைக் கடக்க வேண்டியிருந்தது. லேடி மனிங் பாலம் 1924 இல் அமைந்த பின்னரே தரைவழி திறந்தது. முன்னாளில் ஆரைப்பற்றை என வழங்கிய ஆரையம்பதியிலிருந்து நகரம் ஏழெட்டுக் கிலோமீற்றர்தான். ஆயினும் ஒரு குடியானவரின் பிள்ளைக்கு அந்தத் தொலைவோடு கட்டணமும் சேர்ந்துகொண்டது.

கோல்புறூக் ஆணைக்குழுவின் அறிக்கைக்குப் பின்னர் அரசு 1830களில் ஆங்கிலக் கல்விக்கு முன்னுரிமை கொடுத்தது. காலப்போக்கில் பாடசாலைகள் இரண்டு வகையாகப் பிரிந்தன: கட்டணம் பெறும் ஆங்கிலப் பாடசாலை, கட்டணமில்லாத தாய்மொழிப் பாடசாலை. எழுதுவினைஞர், பிரக்கிராசி, வைத்தியர் ஆகிய உத்தியோகங்களுக்கான வழி முதலாவது வகையிலேயே இருந்தது. கிராமங்களில் இருந்தவை பெரும்பாலும் இரண்டாவது வகை. சொல்வளத்தின் ஏற்றத்தாழ்வு அங்கேயே ஊன்றப்பட்டது.

ஆங்கிலப் பாடசாலைக்குள் நுழைந்த பிள்ளைக்கு முதலில் கிடைத்ததும் பட்டியலே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பேரரசின் குடியேற்ற நாடுகளெங்கும் வழங்கிய றோயல் ரீடர்ஸ் போன்ற வாசிப்பு நூல்கள், பாடத்தோடு கடினச் சொற்களையும் அவற்றின் பொருளையும் தனியே நிரைப்படுத்தின. மாணவர் அவற்றை நெட்டுருப் பண்ணிச் சொல்வதெழுதுதலில் எழுதிக் காட்டுவார். வீட்டில் அகராதி வைத்திருந்தவர்கள் சிலரே. 1862 இல் வெளிவந்த வின்ஸ்லோவின் பேரகராதி அறுபத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ச் சொற்களுக்கு ஆங்கிலத்தில் பொருள் தந்தது. அது அறிஞருக்கும் மிஷனரிமாருக்கும் ஆன நூல், ஏழாம் வகுப்புப் பிள்ளை தூக்கிப் புரட்டக்கூடியதன்று.

ஆனால் பட்டியலை மட்டும் வைத்து அந்தக் காலத்து ஆங்கிலப் பாடசாலையை அளவிட முடியாது. அங்கே சரித்திரம், பூமிசாத்திரம், கணிதம், சமயம் யாவும் ஆங்கிலத்திலேயே நடந்தன. ‘றீஜன்’ என்ற சொல்லை வாசிப்புப் பாடத்தில் கற்ற மாணவர் அதைப் பூமிசாத்திரத்தில் ஐம்பது முறை கண்டார். காலை வணக்கத்தின் பைபிள் வாசகத்திலும் விளையாட்டுத் திடலின் கட்டளைகளிலும் சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன. புனித மிக்கேல் கல்லூரியில் பிரெஞ்சு இயேசு சபைக் குருமாரைத் தொடர்ந்து, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் நியூ ஓர்லியன்ஸைச் சேர்ந்த அமெரிக்கக் குருமார் பணியாற்றினர். மட்டக்களப்பின் விளையாட்டரங்கு அவர்களுள் ஒருவரான வெபர் அடிகளின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. கூடைப்பந்தாட்டத்தில் ‘ஃபவுல்’, ‘பாஸ்’, ‘டிரிபிள்’ என்ற சொற்களுக்கு எவரும் அகராதி புரட்டியிருக்கத் தேவையில்லை. பந்தும் ஊதுகுழலும் பொருளைக் காட்டிவிடும். தொல்காப்பியம் சார்பு என்றது இதைத்தான்.

இந்தக் கல்வி ஆக்கிய மிகப் பெரிய ஆளுமை விபுலாநந்த அடிகள். காரைதீவில் 1892 இல் மயில்வாகனமாகப் பிறந்தவர், கல்முனையில் மெதடிஸ்த பாடசாலையிலும் பின்னர் புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்து, கேம்பிரிட்ஜ் சீனியர் தேர்வில் சித்தியெய்தினார். 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டம், 1920 இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் என்று இரு மரபுகளிலும் அவர் ஒருங்கே தேறினார். இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவு பூண்ட பின் 1929 இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். கட்டணம் செலுத்த இயலாத கிராமத்துச் சைவப் பிள்ளைகளுக்கு, சமயம் மாறாமல் ஆங்கிலம் கற்கும் வழி அதனால் அருகிலேயே கிடைத்தது. மட்டக்களப்பு ஊர்கள் பலவற்றில் இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளை நடத்திற்று. ஆரையம்பதியில் அதன் பெயரைத் தாங்கிய மகா வித்தியாலயம் இன்றும் உள்ளது.

சொல்லும் சூழலும் பற்றிய ஒரு முக்கியமான எல்லையை அடிகளின் பணியே காட்டுகிறது. 1936 இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அவர் தலைமை வகித்தார். அதன் பயனாக 1938 இல் கலைச்சொற் தொகுதி வெளிவந்தது. இரசாயனத்திலும் பௌதிகத்திலும் ஒரு சொல் வாக்கியத்துக்கு வாக்கியம் பொருள் நெகிழக் கூடாது. அங்கே ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என வரையறுக்கப்பட்ட பட்டியல்தான் வேண்டும். கதையிலும் கட்டுரையிலும் வரும் பொது வழக்குச் சொற்கள் அப்படிப்பட்டவையல்ல. அவற்றுக்கு இடம் நோக்கியே பொருள் கொள்ள வேண்டும். இந்த வேறுபாட்டை உணராமல் எல்லாச் சொற்களையும் நெட்டுருப் பண்ணச் சொன்னதும், பிற்காலத்தில் எல்லாச் சொற்களையும் ஊகிக்கச் சொன்னதும் ஒரே தவறின் இரு பக்கங்கள்.

பட்டியல் முறைக்கு மாற்று வங்காளத்திலிருந்து வந்தது. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணிபுரிந்த மைக்கேல் வெஸ்ட், அங்குள்ள மாணவர்கள் ஆங்கில நூல்களில் இடறும் காரணத்தை ஆராய்ந்தார். பக்கத்துக்குப் பக்கம் புதிய சொற்கள் குவிந்திருந்ததே காரணம் என்று கண்டார். 1920களின் பிற்பகுதியிலிருந்து வெளிவந்த அவருடைய நியூ மெதட் ரீடர்ஸ் புதிய சொற்களை அளந்து, அறிந்த சொற்களின் நடுவே ஒன்றொன்றாக நட்டு, மீண்டும் மீண்டும் வரச் செய்தது. 1935 இல் எண்டிகொட்டோடு சேர்ந்து அவர் வெளியிட்ட அகராதி 1,490 எளிய சொற்களைக் கொண்டே சுமார் 24,000 சொற்களையும் தொடர்களையும் விளக்கியது. 1953 இல் அவர் வெளியிட்ட பொதுச் சொற்பட்டியலில் ஏறத்தாழ இரண்டாயிரம் தலைச்சொற்கள் இருந்தன. சூழலைக்கொண்டு பொருள் அறிவதற்கு அந்தச் சூழல் முதலில் விளங்க வேண்டும் என்ற எளிய உண்மையை வகுப்பறை நடைமுறையாக்கியவர் அவர். ஆங்கிலம் பேசாத வீட்டிலிருந்து வரும் ஆசியப் பிள்ளையை மனத்தில் வைத்து எழுதப்பட்டமையே அந்த நூல்களின் சிறப்பு.

அதே 1953 இல் அமெரிக்காவில் வில்சன் டெய்லர் வேறொரு நோக்கத்துக்காகக் கீறிட்ட இடத்தை ஆய்வுக் கருவியாக்கினார். ஒரு பத்தியில் குறித்த இடைவெளிக்கு ஒரு சொல் வீதம், பெரும்பாலும் ஐந்தாவது சொல் தோறும் நீக்கிவிட்டு, வாசகர் எத்தனையைச் சரியாக நிரப்புகிறார் என்று எண்ணினார். பத்திரிகை எழுத்து எவ்வளவு எளிது என்று அளப்பதே அவர் கருதியது. மொழித் தேர்வு நடத்துவோர் அதை விரைவில் எடுத்துக்கொண்டனர். ஆயிரக்கணக்கான விடைத்தாள்களைத் திருத்த வேண்டிய தேர்வுகளுக்கு அது வசதி. சொற்களைப் பெட்டியில் தந்து பொருந்துவதை எடுத்தெழுதச் சொன்னால் திருத்துவது இன்னும் எளிது. பாடசாலைப் பயிற்சிகளில் இன்று காணும் சொற்பெட்டி அந்த வகையைச் சேர்ந்தது.

மட்டக்களப்பு மாணவர் இந்தப் புதிய முறையைச் சந்தித்த வேளையில் அவருடைய ஆங்கில வாசிப்புச் சுருங்கிக்கொண்டிருந்தது. 1945 இல் இலவசக் கல்வி வந்தது. ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழி போதனா மொழியாயிற்று. 1950களில் அது வகுப்பு வகுப்பாக மேலேறியது. 1960, 1961 ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளுள் மிகப் பெரும்பாலானவை அரசின் கீழ் வந்தன. இவற்றால் விளைந்த நன்மை மிகப் பெரிது. ஆரையம்பதியின் மீனவர் வீட்டுப் பிள்ளையும் உழவர் வீட்டுப் பிள்ளையும் விஞ்ஞானத்தைத் தமிழிலேயே கற்றுப் பல்கலைக்கழகம் புக முடிந்தது. ஆங்கிலமோ நாளுக்கு ஒரு பாடவேளையாகக் குறைந்தது. முந்திய தலைமுறை ஐந்தாறு பாடநூல்களில் கண்ட ஆங்கிலச் சொற்களை, பிந்திய தலைமுறை ஒரே ஒரு மெல்லிய நூலில் காண நேர்ந்தது. ஊகிக்கும் பயிற்சி வினாத்தாளில் பெருகியது, ஊகத்துக்கு வேண்டிய வாசிப்பு குறைந்தது. தாய்மொழிக் கல்வியை இதற்குப் பழி சொல்வது நியாயமில்லை. நல்ல ஆங்கில வாசிப்பு நூல்களைக் கிராமப் பாடசாலை நூலகங்களுக்குக் கொண்டுசேர்க்கும் கடமை அந்த மாற்றத்தோடு கூடவே நிறைவேற்றப்பட்டிருக்க வேண்டும்.

கீறிட்ட இடத்தை நிரப்பும் முறையில் ஆசிரியர்கள் முதலில் காட்டுவது இணைப்புச் சொற்களை. மூன்று மாதம் மழையில்லாததால் கிணற்று நீர் இன்னதாயிற்று என்ற வாக்கியத்தில் ‘பிகாஸ்’ நின்றால் விளைவைக் குறிக்கும் ‘ஸ்கேர்ஸ்’ பொருந்தும். வறட்சி நிலவியபோதும் என்று ‘ஆல்தோ’ தொடங்கினால் எதிர்மறையான ‘அபண்டன்ட்’ வர வேண்டும். மற்ற எல்லாச் சொற்களும் ஒன்றாக இருக்க, அந்த ஓர் இணைப்புச் சொல் விடையைத் தலைகீழாக்கிவிடும். அடுத்தது சேர்க்கை. மழைக்கு ‘ஹெவி’ என்றும் தேநீருக்கு ‘ஸ்ட்ரோங்’ என்றும் ஆங்கிலம் அடைமொழி தரும். இரண்டையும் மாற்றினால் பொருள் விளங்கினாலும் வழக்குப் பிழையாகும். குற்றத்துக்கு ‘கமிட்’, முடிவுக்கு ‘றீச்’ என்று பெயரும் வினையும் இணை பிரியாமல் வருவதும் அப்படியே. இதைக் காரணம் காட்டி விளக்க முடியாது, கேட்டும் வாசித்தும் பழக வேண்டும். மழை ‘பெய்தது’ என்றும் பனி ‘கொட்டியது’ என்றும் தமிழில் பேசுபவர் எந்த விதியையும் நினைத்துச் சொல்வதில்லை.

இடம் நோக்கிப் பொருள் கொள்ளும் ஆற்றல் மட்டக்களப்புத் தமிழரிடம் இயல்பாகவே உண்டு என்பதை அவர்களுடைய பேச்சு வழக்கைக்கொண்டே காட்டலாம். போடியார் விடியச் சாமத்தில் வட்டைக்குப் போய், வேளாண்மைக்குத் தண்ணீர் கட்டிவிட்டுப் பொழுதுபடக் கிறுகி வந்தார் என்றால், பிற ஊர்த் தமிழர் ‘வட்டை’ வயல்வெளி என்றும் ‘கிறுகி’ திரும்பி என்றும் தாமே துணிவர். ‘வேளாண்மை’ இங்கே உழவுத் தொழிலைக் குறிக்காமல் நிற்கும் நெற்பயிரைக் குறிப்பதும் ‘தண்ணீர் கட்டி’ என்ற வினையால் தெளிவாகும். வி.சி. கந்தையா 1964 இல் வெளியிட்ட மட்டக்களப்புத் தமிழகம் இந்தப் பிரதேசத்துச் சொல்வளத்தை விரிவாக எடுத்துரைக்கிறது. ஆங்கில ஆசிரியர் ஒருவர் இத்தகைய தமிழ் வாக்கியத்திலிருந்து பாடத்தைத் தொடங்கினால், தான் ஏற்கெனவே செய்துவரும் ஒன்றையே ஆங்கிலத்திலும் செய்யப் போவதாகப் பிள்ளை உணரும். தமிழ் வாசிப்பின் இன்னொரு பழக்கமும் கைகொடுக்கும். தமிழில் முற்றுவினை பெரும்பாலும் இறுதியில் வருவதால் வாக்கியம் முடியும்வரை காத்திருந்தே பொருளை முடிவு செய்கிறோம். ஆங்கிலத்தில் கீறிட்ட இடம் வந்தவுடனே விடை எழுதுபவர், அதற்குப் பின்னால் வரும் குறிப்பைத் தவறவிடுகிறார்.

சொல்லைப் பிரித்துப் பார்ப்பது உதவுவது போலவே ஏமாற்றவும் செய்யும். ‘இன்’ என்ற முன்னொட்டு எதிர்மறை தரும் என்று கற்ற மாணவர், ‘இன்வேலுவபிள்’ என்பதற்கு விலையற்றது, ஆகவே பயனற்றது என்று பொருள் கொள்வார். அது விலைமதிக்க முடியாதது என்ற பொருளுடையது. ‘இன்ஃபிளேமபிள்’ தீப்பிடிக்கக்கூடியது, தீப்பிடிக்காதது என்று கொண்டால் ஆபத்தே விளையும். சூழலும் எப்போதும் உதவுவதில்லை. அமெரிக்க ஆய்வாளர் இசபெல் பெக்கும் உடனாசிரியர்களும் 1983 இல், சில சூழல்கள் பொருளைக் காட்டுகின்றன, சில ஒன்றுமே சொல்வதில்லை, சில நேர்மாறான பொருளுக்கே இழுத்துச் செல்கின்றன என்று வகுத்துக் காட்டினர். கதையாசிரியர் தம் வாக்கியத்தை வாசகருக்குச் சொல் கற்பிப்பதற்காக எழுதுவதில்லை அல்லவா?

எவ்வளவு சொற்கள் தெரிந்திருந்தால் மற்றவற்றை ஊகிக்க முடியும் என்ற கேள்விக்கு நியூசிலாந்தின் போல் நேஷன் முதலியோர் எண்களால் விடை தேடினர். ஒரு பக்கத்தில் உள்ள சொற்களில் 95 வீதம் தெரிந்தால் ஓரளவும், 98 வீதம் தெரிந்தால் நன்றாகவும் வாசிக்கலாம் என்பது அவர்களும் பிற ஆய்வாளர்களும் கண்டது. 98 வீதம் என்றால் ஐம்பது சொற்களில் ஒன்று மட்டுமே புதிது. நாவலையும் செய்தித்தாளையும் அந்த அளவுக்கு வாசிக்க எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் வேண்டும் என்று நேஷன் 2006 இல் மதிப்பிட்டார். உயர்கல்விக்கு வேண்டிய சொற்களை ஏவ்ரில் கொக்ஸ்ஹெட் 2000 ஆம் ஆண்டில் 570 குடும்பங்களாகத் தொகுத்தார். பல்கலைக்கழக நூல்களில் வரும் சொற்களில் பத்தில் ஒரு பங்கை அவை தழுவுகின்றன. இந்த எண்களைப் பார்த்தால் கிராமப் பாடசாலை மாணவர் உயர்தரச் சொற்பெட்டியின் முன் திகைப்பதன் காரணம் விளங்கும். கீறிட்ட இடத்துக்குரிய சொல் அவருக்குத் தெரியாது, அதைச் சுற்றியுள்ள சொற்களும் பாதி தெரியாது. அவரிடம் ஊகித்துப் பார் என்று சொல்வது உதவியாகாது. முதல் இரண்டாயிரம் சொற்களைப் பட்டியலாகவோ அட்டையாகவோ வேண்டுமென்றே படித்து முடித்த பின்னரே ஊகம் பயன் தரத் தொடங்கும். அந்த வகையில் நிகண்டு மனனம் செய்த பழைய திண்ணைப் பள்ளி சரியான வரிசையையே பின்பற்றியது.

1983 இலிருந்து 2009 வரை நீண்ட போர் மட்டக்களப்பின் வகுப்பறைகளை அடிக்கடி மூடியது. இடப்பெயர்வும் ஆசிரியர் பற்றாக்குறையும் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகிய பாடங்களையே கடுமையாகத் தாக்கின. 2004 டிசெம்பர் 26 இன் ஆழிப்பேரலை கரையோர ஊர்களின் வீடுகளையும் பாடசாலைகளையும் அழித்தது. இதற்கிடையிலும் நிறுவனங்கள் எழுந்தன. வந்தாறுமூலையில் 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. ஆரையம்பதிக்கு அடுத்த தாழங்குடாவில் மட்டக்களப்பு தேசிய கல்வியியல் கல்லூரி அமைந்து ஆசிரியர்களைப் பயிற்றி வருகிறது. 1999 இல் பொது ஆங்கிலம் உயர்தர மாணவர் எல்லோருக்கும் உரிய பாடமாயிற்று. 2001 முதல் தெரிந்தெடுத்த பாடசாலைகளில் சில பாடங்களை ஆங்கிலத்தில் கற்பிக்கவும் இடம் தரப்பட்டது. அதனால் ஒரு சிறு தொகை மாணவருக்குப் பல பாடநூல்களில் ஒரே சொல்லை மீண்டும் மீண்டும் காணும் பழைய வாய்ப்பு திரும்பியது. அதற்குத் தகுந்த ஆசிரியர் கிடைத்த இடங்கள் நகரப் பாடசாலைகளாகவே பெரும்பாலும் இருந்தன.

2014 இல் மண்முனைத் துறையில் பாலம் திறக்கப்பட்டு வாவியின் கீழைக்கரையான எழுவான்கரையின் ஆரையம்பதிப் பக்கமும் மேலைக்கரையான படுவான்கரையின் கொக்கட்டிச்சோலைப் பக்கமும் இணைந்தன. அதற்கு முன்னர் அங்கே ‘பாதை’ எனப்படும் படகில் ஏறித்தான் வாவியைக் கடப்பார்கள். படுவான்கரைப் பாடசாலைகளுக்குச் செல்லும் ஆசிரியர்களின் அன்றாடப் பயணம் இப்போது எளிதாகியுள்ளது. தரப்படுத்தப்பட்ட எளிய ஆங்கிலக் கதைநூல்கள், சில நூறு சொற்களில் தொடங்கிப் படிப்படியாக ஏறுபவை, எல்லாப் பெரிய பதிப்பகங்களிடமும் கிடைக்கின்றன. மைக்கேல் வெஸ்ட் டாக்காவில் தொடங்கியதன் வழித்தோன்றல்கள் அவை. ஒரு வகுப்புக்கு முப்பது நூல்கள் வாங்கி மாணவர் தமக்குள் மாற்றி மாற்றி வாசித்தால், ஆண்டு முடிவதற்குள் ஒவ்வொருவரும் முப்பது கதைகளை வாசித்திருப்பர். சொற்பெட்டியைத் திறக்கும்போது சுற்றியுள்ள சொற்கள் அவர்களுக்கு முன்பே பழகியவையாக இருக்கும்.